சுழியம் எங்கே தொடங்குகிறது? நொதிகள் தருக்க வாயில்களான வரலாறு

சித்தூர்ப் பகுதியில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவோர், வெட்டிய கரும்பை நாள்கணக்கில் போட்டு வைப்பதில்லை. ஆலைக்கு வரத் தாமதமானால் பாகு பதத்துக்கு வருவது கடினம். வார்த்த வெல்லம் இறுகாமல் கசியும். வெட்டுண்ட கரும்பினுள் இன்வர்ட்டேஸ் என்னும் நொதி வேலை செய்துகொண்டிருப்பதே இதற்கு முதன்மைக் காரணம். அது சுக்ரோஸ் மூலக்கூறை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளக்கிறது. பிளவுண்ட சர்க்கரை எளிதில் படிகமாகாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நொதி என்ற சொல்லை அறியாத தலைமுறைகளும் அதன் வேகத்தைக் கணக்கில் கொண்டே கரும்பு வெட்டும் நாளைக் குறித்து வந்துள்ளன.

இதே வினையை நிகழ்த்தும் நொதி அறிவியல் வரலாற்றில் இருமுறை முன்னிலைக்கு வந்தது. 1913-இல் பெர்லினில், நொதிகளின் வேகத்தைச் சமன்பாடாக எழுத அது உதவியது. 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் நகரில், 'இதுவும் அதுவும் இருந்தால் மட்டுமே ஆம்' என்று விடை சொல்லும் தருக்க வாயிலின் உறுப்பாயிற்று. இடைப்பட்ட 95 ஆண்டுகளில் நொதி மாறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது. 'எவ்வளவு வேகம்?' என்ற கேள்வி 'ஆமா, இல்லையா?' என்ற கேள்வியாயிற்று. அவ்வாறு கேட்கத் தொடங்கியதும், 'இல்லை' என்பதை எந்த அளவில் வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. கணினியைப் பார்த்து வேதியியலர் செய்த விளையாட்டாகத் தொடங்கிய ஒரு துறையை, நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்து நிறுத்தியது அச்சிக்கலே.

1. வளைகோடு

சித்தூர், சென்னை மாகாணத்தின் தனி மாவட்டமாக 1911-இல் அமைக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பெர்லின் மருத்துவமனை ஒன்றின் சிறிய ஆய்வகத்தில் லியோனோர் மிக்கேலிஸும், கனடாவிலிருந்து அங்குச் சென்றிருந்த மாட் மென்டனும் இன்வர்ட்டேஸ் குறித்த தம் ஆய்வை வெளியிட்டனர். சுக்ரோஸ் கரைசல் முனைவாக்கப்பட்ட ஒளியை வலஞ்சுழியாகத் திருப்பும். பிளவுண்ட கலவை இடஞ்சுழியாகத் திருப்பும். இந்தத் தலைகீழ் மாற்றமே நொதிக்கு அப்பெயரைத் தந்தது. ஒளி திரும்பும் கோணத்தை அளந்தால் வினையின் வேகத்தை அறியலாம். பாரிசில் விக்டர் ஆன்றி 1903-இலேயே இதற்கான சமன்பாட்டை எழுதியிருந்தார். ஊடகத்தின் அமிலத்தன்மையை நிலைநிறுத்தி, வினையின் தொடக்க வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அச்சமன்பாட்டை உறுதியான அடித்தளத்தில் நிறுத்தியது பெர்லின் ஆய்வு.

அவர்கள் பெற்ற வரைபடம் இன்று உயிர்வேதியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. வினைபடுபொருளின் செறிவு கூடக்கூட வேகம் முதலில் விரைந்து ஏறுகிறது. பின்னர் மெல்லத் தளர்ந்து ஓர் உச்சத்தை நெருங்குகிறது. இவ்வளைகோட்டில் படிக்கட்டு இல்லை. உச்ச வேகத்தின் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்குச் செல்ல, வினைபடுபொருளின் செறிவு 81 மடங்கு உயர வேண்டும். மின்சுற்றில் உள்ள ஆளி, மின்னழுத்தத்தின் சிறு மாற்றத்துக்கே ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவிவிடுகிறது. நொதியோ 81 மடங்கு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கடக்கிறது. பின்னாளில் நொதியைத் தருக்க வாயிலாக்க முயன்றோர் அனைவரும் இந்த எண்ணோடு போராடினர்.

2. உவமையாக வந்த கணினி

ஜார்ஜ் பூல் 1854-இல் சிந்தனையின் விதிகளை 0, 1 என்னும் இரு குறிகளின் இயற்கணிதமாக எழுதினார். கிளாட் ஷனன் 1937-இல் தம் முதுநிலை ஆய்வேட்டில், மின்ஆளிகளின் இணைப்புகள் அவ்வியற்கணிதத்தைச் செயலில் காட்ட வல்லவை என நிறுவினார். இரண்டு ஆளிகள் தொடராக இருப்பின், இதுவும் அதுவும் மூடினால்தான் விளக்கு எரியும்; இது 'உம்' வாயில். இணையாக இருப்பின், இது அல்லது அது மூடினாலும் எரியும்; இது 'அல்லது' வாயில். தமிழின் 'உம்' இடைச்சொல் செய்யும் பணியைத்தான் முதலாவது சுற்றும் செய்கிறது.

இம்மொழி உயிரியலுக்குள் நுழைந்தது 1960களில். ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மொனோ ஆகியோர் 1961-இல் குடல்வாழ் பாக்டீரியாவின் மரபணுக் கட்டுப்பாட்டை விளக்கினர். லாக்டோஸ் இருக்க வேண்டும், குளுக்கோஸ் இல்லாதிருக்க வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளும் நிறைவேறும்போதே, லாக்டோஸைச் செரிக்கும் நொதிகளை அப்பாக்டீரியா முழு அளவில் உண்டாக்குகிறது. தன் செயல்மையத்துக்கு அப்பாலுள்ள இடத்தில் வேறொரு மூலக்கூறு வந்து இணைவதால் வேகம் மாறும் நொதிகளை மொனோ மின்ஆளிகளோடு ஒப்பிட்டார். மைக்கேல் கான்ராட் 1970களின் தொடக்கத்திலிருந்தே, தகவலைக் கையாளும் திறன் மூலக்கூறுகளின் வடிவத்திலேயே உள்ளது என்று வாதிட்டுவந்தார். ஆயினும் இவை விளக்கங்களே. உயிரணுவில் ஏற்கெனவே நடப்பதைக் கணினியின் சொற்களால் விவரிப்பது ஒன்று. கண்ணாடிக் குப்பியில் ஒரு வாயிலை வேண்டுமென்றே அமைத்துக் காட்டுவது மற்றொன்று.

3. கொழும்பிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு

அமைத்துக் காட்டியவர்களுள் முன்னோடி ஒருவர் தெற்காசியாவைச் சேர்ந்தவர். இலங்கையரான ஏ. பி. டி சில்வா கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பெல்ஃபாஸ்டிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். மீண்டும் கொழும்பில் ஆசிரியப் பணியாற்றிவிட்டு, 1986-இல் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பினார். 1993-இல் அவரும் நிமல் குணரத்ன, காலின் மெக்காய் ஆகியோரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை மூலக்கூறுத் தருக்கத்தின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது.

அவர்கள் வடிவமைத்த மூலக்கூறில் மூன்று பகுதிகள் இருந்தன: ஒளிரும் பகுதி ஒன்று, சோடியம் அயனியைப் பற்றும் வளையம் ஒன்று, ஹைட்ரஜன் அயனியைப் பற்றும் அமீன் ஒன்று. பற்றும் பகுதிகள் வெறுமையாக இருக்கும்போது அவை ஒளிரும் பகுதிக்கு எலக்ட்ரானைத் தந்து ஒளியை அணைத்துவிடும். சோடியமும் ஹைட்ரஜன் அயனியும் வந்து இரண்டு இடங்களும் நிறைந்தால்தான் மூலக்கூறு நன்கு ஒளிரும். மின்கம்பி இல்லாத 'உம்' வாயில் இது.

டி சில்வாவின் வழியில் நொதிக்கு இடமில்லை. எனினும் நொதி வாயில்களின் வரலாற்றுக்கு இரு செய்திகளை அது விட்டுச்சென்றது. உள்ளீடும் வெளியீடும் மின்சாரமாக இருக்கத் தேவையில்லை என்பது முதலாவது. இத்தகைய மூலக்கூறுகளின் பயன் கணினியோடு போட்டியிடுவதில் இல்லை என்பது இரண்டாவது. இதே ஒளிர்வுக் கோட்பாட்டில் உருவான உணரிகள், இரத்தத்தில் சோடியம் போன்ற அயனிகளை அளக்கும் சிறிய மருத்துவக் கருவிகளில் இடம்பெற்றன. 2006-இல் அவருடைய குழு, சோடியம், ஹைட்ரஜன், துத்தநாகம் ஆகிய மூன்று அயனிகளும் சேர்ந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறை வெளியிட்டு, ஒரு மூலக்கூறே ஓர் ஆய்வகமாக இயங்க முடியும் என்ற எண்ணத்தை முன்வைத்தது.

4. ஆய்வக மேசையில் ஏற்கெனவே இருந்த வாயில்

டி சில்வாவின் கட்டுரை வெளிவந்த 1993-இல்தான் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் பணியைத் தொடங்கியது. அங்கும், சித்தூரின் தெருவோரப் பரிசோதனை நிலையங்களிலும், நாடு முழுவதிலும் இரத்தச் சர்க்கரையை அளக்கப் பரவலாகப் பயன்படும் முறைக்கு 'காட்–பாட்' என்று பெயர். குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்னும் இரு நொதிகளின் ஆங்கிலச் சுருக்கங்கள் அவை.

குளுக்கோஸ் ஆக்சிடேஸை 1928-இல் கருப்புப் பூஞ்சையிலிருந்து கண்டறிந்தவர் டெட்லெவ் முல்லர். ஆல்பர்ட் கெஸ்டன் 1956-இல் அதைப் பெராக்சிடேஸுடன் இணைத்தார். பி. டிரிண்டர் 1969-இல் இதற்கு ஏற்ற நிறமியைச் சேர்த்து, அன்றாடப் பணிக்கு உகந்ததாக்கினார். முதல் நொதி குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. இரண்டாம் நொதி அப்பெராக்சைடைக் கொண்டு இளஞ்சிவப்பு நிறத்தை உண்டாக்குகிறது. முதல் நொதியின் வெளியீடே இரண்டாம் நொதியின் உள்ளீடு. ஒரு வாயிலின் வெளியீட்டை மற்றொரு வாயிலுக்குள் செலுத்தும் மின்சுற்றுக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை.

ஆயினும் இதை எவரும் தருக்க வாயில் என்று அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. நிறம் எவ்வளவு ஆழமாகிறது என்பதை ஒளிமானி அளந்து, அதை எண்ணாக மாற்றித் தந்தது. 'இவருக்கு நீரிழிவு உண்டா?' என்ற தீர்ப்பை அந்த எண்ணைப் பார்த்த மருத்துவர் வழங்கினார். நொதி அளந்தது, மனிதர் முடிவெடுத்தார். நொதி வாயில்களை உருவாக்கியோர், இந்த இரண்டாம் பணியையும் குப்பிக்குள்ளேயே முடிக்க விரும்பினர்.

5. ஹைஃபா, டெட்ராய்ட், ஜெருசலேம், பாட்ஸ்டாம்

1999-இல் ஹைஃபாவிலுள்ள டெக்னியான் நிறுவனத்தில் சாரா சிவன், நோவா லோட்டன் ஆகியோர், ஒரு நொதியையும் அதன் தடுப்பானையும் கொண்டு உயிர்வேதித் தருக்க வாயில் அமைக்கும் வழியை வெளியிட்டனர். கைமோட்ரிப்சின் என்னும் செரிமான நொதி அவர்களின் கருவி. தடுப்பானே அதன் ஆளி. 2001-இல் கிளவுஸ்-பீட்டர் சவுனரும் கான்ராடும், மாலேட் டிஹைட்ரஜனேஸ் நொதி மக்னீசியம், கால்சியம் அயனிகளுக்கு விடையளிக்கும் முறையைக் கொண்டு, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 'ஆம்' எனக் கூறும் வாயிலை டெட்ராய்டில் செய்துகாட்டினர்.

2006 திருப்புமுனை ஆண்டு. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இட்டமார் வில்னர், யெவ்கெனி காட்ஸ் ஆகியோரின் குழு, குளுக்கோஸ், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை உள்ளீடுகளாகவும் இணைந்து இயங்கும் நொதிகளை வாயில்களாகவும் கொண்டு பலவகைத் தருக்கச் செயல்களை நிகழ்த்தியது. இரண்டு இரும எண்களைக் கூட்டும் அரைக்கூட்டியும் அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில், நான்கு உயிர்வினையூக்கிகளைத் தொடராக இணைத்து, ஒரு வாயிலின் விளைபொருள் அடுத்த வாயிலை இயக்கும் அமைப்பும் வெளியானது. அவ்வாண்டிலேயே காட்ஸ் அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்த இயற்பியலர் விளாதிமிர் பிரிவ்மனுடன் அவர் கூட்டுச் சேர்ந்தது இத்துறையின் போக்கையே மாற்றியது.

2008-இல் கிளார்க்சனில் செய்யப்பட்ட 'உம்' வாயிலில்தான் இன்வர்ட்டேஸ் மீண்டும் வருகிறது. குப்பியில் சுக்ரோஸ் கரைசல் இருக்கிறது. இன்வர்ட்டேஸை மட்டும் இட்டால் குளுக்கோஸ் உண்டாகும்; அமிலம் உண்டாகாது. குளுக்கோஸ் ஆக்சிடேஸை மட்டும் இட்டால், அதற்கு உண்ணக் குளுக்கோஸ் இல்லை, எதுவும் நிகழாது. இரண்டையும் இட்டால், முதலாவது தரும் குளுக்கோஸை இரண்டாவது குளுக்கோனிக் அமிலமாக மாற்றும். கரைசலின் அமிலத்தன்மை உயரும். அமிலத்தன்மைக்கேற்ப வடிவம் மாறும் பலபடிப் பொருள்கள் அந்த விடையைக் கண்ணுக்குப் புலனாகும் மாற்றமாகவோ மின்முனையின் மாற்றமாகவோ வெளிப்படுத்தின. வெல்லம் காய்ச்சுவோர் அஞ்சிய பிளவு, இங்கு ஒரு தருக்கத் தொடரின் முதற்படியாயிற்று.

6. பத்து வாயில்களும் ஒரு பொய்ச் சுழியமும்

இவ்வெற்றிகளுக்குப் பின்னால் இரண்டு இடர்கள் காத்திருந்தன. முதலாவது இரைச்சல். குப்பியில் இடும் நொதியின் அளவு, வெப்பநிலை, நேரம் ஆகிய ஒவ்வொன்றிலும் சிறு பிழை உண்டு. ஒரு வாயிலின் பிழை அடுத்த வாயிலில் பெருகுமானால், சில படிகளுக்குள் 0 எது, 1 எது என்பது தெரியாமற்போகும். வாயிலின் செயலைச் செம்மைப்படுத்தினாலும் சுமார் 10 படிகளுக்கு மேல் செல்ல, பிழைதிருத்தும் வேறு உறுப்புகள் வேண்டும் என்று பிரிவ்மனும் காட்ஸும் 2008-இல் மதிப்பிட்டனர். பெரிய சுற்றுகளை அமைக்க விரும்பியோர் டி.என்.ஏ. இழைகளை நாடினர். லூலூ சியன், எரிக் வின்ஃப்ரீ ஆகியோர் 2011-இல் 130 டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு நான்கு இரும இலக்க எண்ணின் வர்க்கமூலம் காணும் சுற்றை வெளியிட்டனர். எண்ணிக்கைப் போட்டியில் நொதிகள் அப்போதே பின்தங்கிவிட்டன.

இரண்டாம் இடர் அதனினும் ஆழமானது. தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் 0 என்பதன் பொருள், அப்பொருள் குப்பியில் அறவே இல்லை என்பதாகும். 1 என்பது ஆய்வாளர் தம் வசதிக்காகத் தேர்ந்த உயர்ந்த செறிவு. 'ஒன்றுமில்லை', 'நிறைய இருக்கிறது' ஆகியவற்றை வேறுபடுத்த எந்த வளைகோடும் போதும். ஆனால் உயிருள்ள உடலில் அத்தகைய சுழியம் கிடையாது. குளுக்கோஸ் முற்றிலும் இல்லாத இரத்தம், உயிருள்ள மனிதனின் இரத்தமாக இருக்க இயலாது.

இவ்வுண்மை வெளிப்பட்டது காயங்களை ஆராயத் தொடங்கியபோது. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் தந்த நிதியில், சான் டியேகோவின் ஜோசப் வாங்கும் காட்ஸும் போர்க்களத்தில் காயமுற்ற வீரரின் நிலையை நொதிகளே கணித்துச் சொல்லும் அமைப்பை 2009 முதல் வெளியிட்டுவந்தனர். மூளைக் காயமா, தசைக் காயமா என்பதை ஒரு குறியீட்டுப் பொருள் மட்டும் சொல்லாது. இரண்டு சேர்ந்து உயர்ந்தால்தான் ஐயம் நீங்கும். 'உம்' வாயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பணி வேறில்லை. ஆனால் இங்கு 0 என்பது நலமுள்ளவரின் இயல்பான அளவு. 1 என்பது நோயுற்றவரின் அளவு. ஓய்விலுள்ளவரின் இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். 4-ஐத் தாண்டினால் மருத்துவர் கவலைகொள்வர். இடைவெளி இரு மடங்கு. மிக்கேலிஸ்–மென்டன் வளைகோடு கேட்பதோ 81 மடங்கு.

இதற்கான விடை உயிரணுவிடமே இருந்தது. ஆல்பர்ட் கோல்ட்பெட்டர், டேனியல் கோஷ்லாந்து ஆகியோர் 1981-இல், எதிரெதிர் வேலை செய்யும் இரு நொதிகள் தத்தம் உச்ச வேகத்தில் இயங்கினால் மென்மையான வளைகோடு செங்குத்தான படியாக மாறும் எனக் கணித்திருந்தனர். ஹில் கெழு 4 ஆக உயர்ந்தால், 81 மடங்கு தேவை 3 மடங்காகச் சுருங்கிவிடும். இதே நோக்கில் 2011-ஐ ஒட்டி வெளிவந்த ஆய்வுகள் வாயிலின் வாயிலிலேயே ஒரு வடிகட்டியை வைத்தன. விளைபொருளை உடனுக்குடன் உண்டுவிடும் ஒரு பொருளைச் சிறிதளவு சேர்த்துவிட்டால், அது தீரும் வரை குறி தோன்றாது. தீர்ந்தபின் விரைந்து தோன்றும். இயல்பான அளவு உண்டாக்கும் சலசலப்பு அடங்கும். நோயின் அளவு மட்டும் கேட்கும்.

7. கோடு யாருடையது?

வடிகட்டியில் அப்பொருளை எவ்வளவு சேர்ப்பது? நொதிக்கு இதற்கு விடை தெரியாது. இங்கேதான் வேதியியல் நின்று, வேறொன்று தொடங்குகிறது.

நீரிழிவின் வரலாறு இதற்குச் சான்று. உண்ணாநிலையில் இரத்தக் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் என்பதே முன்னர் நோயைத் தீர்மானிக்கும் கோடு. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அமைத்த வல்லுநர் குழு 1997-இல் அதை 126 எனக் குறைத்தது. உலகச் சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. 1996-இல் திருப்பதியிலோ சித்தூரிலோ உண்ணாநிலையில் 130 என்ற அளவைப் பெற்ற ஒருவர் அந்தக் கோட்டின்படி நோயாளியல்லர். சில ஆண்டுகள் கழித்து, அதே அளவோடு நோயாளி. குளுக்கோஸ் ஆக்சிடேஸின் வேகம் மாறவில்லை. இளஞ்சிவப்பின் ஆழமும் மாறவில்லை. 0 முடிந்து 1 தொடங்கும் இடம் மாறியது. கண்களின் விழித்திரைப் பாதிப்பு எந்த அளவிலிருந்து மிகுகிறது என்ற மக்கள்தொகை ஆய்வுகள் அந்த இடத்தை நகர்த்தின.

ஒளிமானி தரும் எண்ணுக்கு ஓர் அருமை உண்டு: கோடு மாறினாலும் எண் பயன்படும். 130 என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், புதிய கோட்டின்படி அதை மீண்டும் மதிப்பிடலாம். 140-இல் கோடிட்டு 'இல்லை' என்று மட்டும் விடைதந்த ஒரு நொதி வாயில் அன்று இருந்திருந்தால், அந்த மனிதரைத் திரும்பத் தேடிக் கண்டறிய வழியே இருந்திருக்காது. தருக்க வாயில் தகவலைக் கையாள்கிறது என்பது உண்மை. கையாளும் ஒவ்வொரு முறையும் அது தகவலைக் கழித்தும்விடுகிறது என்பது அதனோடு சேர்ந்த உண்மை.

ஆகவே இத்துறையின் இடம் இன்று தெளிவாகியுள்ளது. முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லாத இடத்தில், எண்ணைப் படிக்க மருத்துவர் அருகில் இல்லாத இடத்தில், பல குறிகள் சேர்ந்தே ஒரு பொருள் தரும் இடத்தில், நொதி வாயிலுக்கு நியாயம் உண்டு: போர்க்களம், விபத்து நிகழ்ந்த மலைப்பாதை, உடலுக்குள்ளேயே மருந்தை வெளிவிட வேண்டிய உறை. ஆண்டாண்டுக்கும் பின்தொடர வேண்டிய நாட்பட்ட நோயில், எண்ணே தேவை.

1954-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 2015-இல் வந்த இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கும் திருப்பதியில், இவ்வரலாற்றை ஒரு பிற்பகலில் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கலாம். தேவைப்படுபவை சுக்ரோஸ், இன்வர்ட்டேஸ், குளுக்கோஸ் ஆக்சிடேஸ், அமிலத்தன்மை காட்டும் நிறமி. எந்த உயிர்வேதியியல் துறையின் அலமாரியிலும் கிடைப்பவை. நான்கு சோதனைக் குழாய்களில் மூன்று நிறம் மாறாதிருக்கும், ஒன்று மாறும். மெய்ப்பட்டியல் நிறைவுற்றதாகத் தோன்றும். அதன்பின் சுழியம் என்று குறித்த குழாய்களிலும் இரண்டு நொதிகளையும் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறம் மெல்ல மாறத் தொடங்கும். எந்தத் துளியில் 'இல்லை' என்பது 'ஆம்' ஆயிற்று என்று கேட்டால், மேசையைச் சுற்றி நிற்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு துளியைக் காட்டுவர்.